மைக் செட்டும் திருவல்லிக்கேணியும்: ஒரு பொருத்தத்தின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். போன மாதம் போனில் ஒரு சந்தேகம் கேட்டார். "டீச்சர், பழைய காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினேன். எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் ஒரு ஜோடி விலைக்கு வருகிறது. சேரும் என்கிறார் ஒருவர், சேராது என்கிறார் இன்னொருவர். நீங்கள்தானே எங்களுக்கு மின்சாரம் பாடம் நடத்தினீர்கள், சொல்லுங்கள்" என்றார். மாப்பிள்ளை பெண் ஜாதகத்தை என்னிடம் நீட்டியது போல இருந்தது. அன்று இரண்டு வரியில் பதில் சொன்னேன். ஆனால் யோசிக்க யோசிக்க, இந்தப் பொருத்தம் பார்க்கும் விஷயத்தில் நம் திருவல்லிக்கேணியின் கதையே அடங்கியிருப்பது தெரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மைக் இல்லாத காலம்.

1907 மே மாதம் விபின் சந்திர பாலர் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பேசினார். அவரை அழைத்து வந்ததில் பாரதியாருக்குப் பெரிய பங்கு உண்டு. கூட்டம் மணலில் உட்கார்ந்து கேட்டது. மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. தொண்டை ஒன்றுதான் கருவி. 1919ல் பாரதியார் கத்தீட்ரல் சாலை வீட்டில் காந்தியைப் பார்த்து, அன்று மாலை திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தாம் பேசும் கூட்டத்துக்குத் தலைமை தாங்க முடியுமா என்று கேட்டதாக வ.ரா. எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டமும் வெறும் தொண்டையில் நடக்க வேண்டிய கூட்டம்தான்.

வெட்டவெளியில் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஒலி நாலாபக்கமும் விரிகிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் செறிவு கால் பங்காகிவிடும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. வகுப்பறையில் சுவர் இருக்கிறது, கொஞ்சம் திருப்பி அனுப்பும். கடற்கரையில் சுவர் ஏது? போதாததற்கு அலைச் சத்தம். சாயங்காலம் கடலிலிருந்து காற்று வீசும். காற்றடிக்கும் திசையில் நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும். எதிர்த்திசையில் நிற்பவருக்கு ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும்.

அதனால் அந்தக் காலத்தில் தலைவராக வேண்டுமென்றால் கருத்து மட்டும் போதாது, கட்டைக் குரல் வேண்டும். உடம்பு சரியில்லாதவர், மெல்லிய குரல்காரர், பெண்கள், இவர்கள் பேச்செல்லாம் முதல் பத்து வரிசையோடு நின்றுவிடும். 1919ல் சென்னைக்கு வந்தபோது காந்திக்கு உடம்பு பலவீனம். அவர் எழுதிக்கொண்டு வந்ததை இன்னொருவர் வாசிக்க வேண்டியிருந்தது.

நாடக மேடையிலும் இதே கதைதான். எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றவர்கள் உச்சஸ்தாயியில் பாடிப் பெயர் வாங்கியதற்கு சங்கீதம் ஒரு காரணம் என்றால், கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவருக்கும் கேட்டாக வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

நம் பேட்டையின் பழைய ஒலிகளை நினைத்துப் பாருங்கள். பார்த்தசாரதி கோவில் மணி, நாகஸ்வரம், மாட வீதியில் பிரபந்த கோஷ்டி. வாலாஜா பெரிய மசூதியிலிருந்து பாங்கு. பத்திருபது பேர் சேர்ந்து சொல்லும் கோஷ்டியும், உயரத்தில் நின்று கூப்பிடும் பாங்கும், நாகஸ்வரத்தின் விரிந்த அணசும், எல்லாமே தொண்டையின் எல்லையை நீட்டிக்க மனிதர்கள் கண்டுபிடித்த உபாயங்கள். மின்சாரம் இல்லாத ஆம்ப்ளிஃபயர்கள் என்றே சொல்லலாம்.

இனி வால்வுக்கு வருவோம்.

1904ல் இங்கிலாந்தில் ஃபிளெமிங் என்பவர் இரண்டு மின்முனை வைத்த வால்வைச் செய்தார். 1906ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அந்த வலைதான் விஷயமே. சூடான இழையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பித் தகட்டுக்கு ஓடுகின்றன. நடுவில் இருக்கும் வலையில் சின்னதாக ஒரு மின்னழுத்த மாற்றம் கொடுத்தால் போதும், ஓடும் மின்னோட்டம் பெரிதாக மாறும். குழாயடியில் திருகைக் கொஞ்சம் திருப்பினால் தண்ணீர் நிறைய வருவது போல. வால்வு என்ற பெயரோ வலை வருவதற்கு முன்பே, ஃபிளெமிங்கின் கருவி மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விட்டதால் வந்தது. 1915ல் ஜென்சன், பிரிதம் என்ற இருவர் ஒலிபெருக்கியைக் கூட்டத்துக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். 1925ல் ரைஸ், கெல்லாக் இருவரும், இன்று நம் வீட்டு டி.வி. வரைக்கும் இருக்கும் காகிதக் கூம்பு ஸ்பீக்கரின் முறையை வகுத்தார்கள்.

சென்னை இதில் பின்தங்கவில்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் 1924 மே மாதம் மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கி, அதே வருடம் ஜூலை 31 அன்று ஒலிபரப்பும் ஆரம்பித்தது. முதல் டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். இப்போது நம் வீட்டுக் குண்டு பல்புக்கு இருந்த சக்தி! பணமில்லாமல் 1927ல் கிளப் நின்றது. கருவியை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ரிப்பன் கட்டடத்திலிருந்து தானே வானொலி நடத்தியது.

இங்கேதான் நம் கடற்கரை வருகிறது. ரேடியோ பெட்டி வாங்க எத்தனை பேரால் முடியும்? அதனால் மாநகராட்சி மெரீனாவிலும் சில பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. காற்று வாங்க வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து காசில்லாமல் பாட்டுக் கேட்டார்கள். சபா டிக்கெட் வாங்க முடியாதவர், சபா வாசலை மிதிக்கத் தயங்கியவர், மீன்பிடித் தொழிலாளி, கூலி வேலை முடித்து வந்தவர், எல்லாருக்கும் ஒரே பாட்டு. நம் ஊரில் 1900லேயே பார்த்தசாரதி சுவாமி சபா தொடங்கிவிட்டது, அது நமக்குப் பெருமைதான். ஆனால் சங்கீதம் நாற்காலியை விட்டு மணலுக்கு இறங்கியது அந்த ஒலிபெருக்கியால். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியபோது மாநகராட்சி ஒலிபரப்பு முடிவுக்கு வந்தது.

இந்த எட்டு வருடத்துக்குள் வேறு இரண்டு விஷயங்கள் நடந்தன. 1931ல் கராச்சி காங்கிரஸில் மோட்வானி குடும்பத்தின் சிகாகோ ரேடியோ நிறுவனம் மைக் வைத்தது. காந்தியின் மெல்லிய குரல் பெருங்கூட்டத்துக்குக் கேட்டது. அதே வருடம் அக்டோபரில் 'காளிதாஸ்' சென்னையில் வெளியாகித் திரையே பேச ஆரம்பித்தது. கட்டைக் குரல் இல்லாதவரும் தலைவராகலாம், மெல்லப் பாடுபவரும் பாடகராகலாம் என்ற காலம் வந்தது. 1949 செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. அதற்குப் பின் தமிழ்நாட்டு மேடைப் பேச்சே மைக்குக்கு ஏற்ற பேச்சாக மாறிவிட்டது. உரக்கக் கத்தாமல், நிறுத்தி, இழுத்து, காதோடு பேசுவது போலப் பேசலாம். எந்தக் கட்சி என்பது இங்கே விஷயமில்லை. எல்லாக் கட்சிக்கும் மைக் ஒன்றுதான்.

சரி, பொருத்தம் என்றேனே, அது என்ன? இங்கே கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், தப்பித்து ஓடாதீர்கள்.

வால்வு உயர்ந்த மின்னழுத்தத்தில், குறைந்த மின்னோட்டத்தில் வேலை செய்கிற ஆசாமி. சில நூறு வோல்ட், ஆனால் மில்லி ஆம்பியர் கணக்கில்தான் ஓட்டம். ஸ்பீக்கர் சுருளோ நேர் எதிர். அதற்குக் குறைந்த வோல்ட் போதும், ஓட்டம் நிறைய வேண்டும். வால்வு 5000 ஓம் தடையைப் பார்த்தால்தான் சரியாக உழைக்கும் என்று வையுங்கள். ஸ்பீக்கர் 8 ஓம். நேராக இணைத்தால் ஒன்றும் நடக்காது. நடுவில் தரகர் வேண்டும். அவர்தான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்.

5000ஐ 8ஆல் வகுத்தால் 625. அதன் வர்க்கமூலம் 25. ஆகவே முதல் பக்கம் 25 சுற்றுக்கு மறுபக்கம் 1 சுற்று என்ற விகிதத்தில் கம்பி சுற்றினால், வோல்ட் 25 மடங்கு குறையும், ஓட்டம் 25 மடங்கு கூடும். வால்வுக்கு எதிரே 5000 ஓம் இருப்பதாகத் தோன்றும், ஸ்பீக்கருக்கு வேண்டியதும் கிடைக்கும். வர்க்கமூலம் எதற்கு டீச்சர் என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

தெரு மைக் செட்டில் இன்னொரு சிக்கல். ஆம்ப்ளிஃபயர் பந்தலில் இருக்கும், குழாய் ஸ்பீக்கர் தெருக்கோடியில் விளக்குக் கம்பத்தில் இருக்கும். இடையில் நீளமான மெல்லிய ஒயர். அந்த ஒயருக்கே 5 ஓம் தடை இருந்தால், 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போகும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒயரைச் சூடாக்கவே செலவாகும். அதற்குக் கண்டுபிடித்த வழிதான் 100 வோல்ட் லைன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து 100 வோல்ட்டாக அனுப்பி, ஒவ்வொரு குழாயிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்கிக்கொள்வார்கள். 10 வாட் குழாய் அந்த லைனுக்கு 1000 ஓம் போலத் தெரியும். பத்துக் குழாய்களைப் பக்க இணைப்பில் மாட்டினால் 100 ஓம், மொத்தம் 100 வாட். இப்போது அதே 5 ஓம் ஒயரில் வீணாவது நூற்றுக்கு 5 பங்குகூட இல்லை. மேட்டூரிலிருந்து சென்னைக்கு மின்சாரத்தை உயரழுத்தத்தில் கொண்டு வருகிறார்களே, அதே தத்துவம்தான் நம் தெருத் திருவிழாவிலும்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் மைக் செட் கட்ட வருபவருக்கு இந்தக் கணக்கெல்லாம் கைவசம். கரும்பலகை பார்த்தவரில்லை. "ஸ்பீக்கர் மாட்டாம செட்டை ஆன் பண்ணாதே, டிரான்ஸ்ஃபார்மர் போயிடும்" என்று உதவிப் பையனைத் திட்டுவார். அது நூற்றுக்கு நூறு சரியான விஞ்ஞானம். சுமை இல்லாமல் ஓடினால் அந்தச் சுருளில் அளவுக்கு மீறி மின்னழுத்தம் எழும்பி, உள்ளே பொறி பாய்ந்து எரிந்துவிடும். பெட்டியின் பின்பக்கம் வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வதைப் பார்க்கத்தான் நாங்கள் கூடுவோம். சூடாகி வாய் திறக்க அரை நிமிஷம் ஆகும். அதற்குள் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று எங்களில் யாராவது பேசிவிடுவோமோ என்று அவருக்குப் பயம்!

உதிரிப் பாகம் வேண்டுமென்றால் நம்மவர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் ரிச்சி தெரு. பழைய ரேடியோ வேண்டுமென்றால் மூர் மார்க்கெட், 1985ல் தீயில் போகிற வரைக்கும். பெங்களூரில் 1954ல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் பிற்பாடு ரேடியோ வால்வுகளை நம் நாட்டிலேயே தயாரித்தது. அதனால் ரிப்பேர் என்பது ஏழைக்கும் கைக்கெட்டும் தொழிலாக இருந்தது.

இந்தக் குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு குணம் உண்டு. கொடுத்த சக்தியில் அதிகப் பங்கை ஒலியாக மாற்றித் தூரத்துக்குத் தள்ளும். ஆனால் கீழ் சுருதி வராது, மேல் சுருதியும் ஓரளவோடு சரி. பேச்சுக்கு அது போதும். சங்கீதத்துக்குப் போதாது. மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும், வயலின் கீச்சென்று இருக்கும். கச்சேரிக்கு மைக் வந்ததும் மெல்லிய சாரீரக்காரர்களுக்கு வாழ்வு வந்தது, வீணையின் நுண்மை பெரிய மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் எட்டியது. கூடவே "மைக்குக்கு முன்னால் இருந்த நாதம் இல்லை" என்ற வருத்தமும் வந்தது. இரண்டும் உண்மை. குறை மைக்கில் மட்டும் இல்லை, கூட்டத்துக்குச் செய்த கருவியைக் கச்சேரிக்கு மாட்டியதிலும் இருந்தது.

இப்போது மாணவர் கேட்ட எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர்.

இதில் காந்தமும் இல்லை, சுருளும் இல்லை, காகிதக் கூம்பும் இல்லை. இரண்டு துளையிட்ட தகடுகள், நடுவில் மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம். அந்தப் படலத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் மின்னூட்டம் ஏற்றி வைப்பார்கள். பாட்டின் மின்னழுத்தத்தைத் தகடுகளுக்குக் கொடுத்தால், படலம் அங்குமிங்கும் இழுபட்டுக் காற்றை அசைக்கும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்குவோமே, அதே நிலைமின்னியல். கண்டென்சர் மைக் இதற்குத் தலைகீழ்: அங்கே காற்று படலத்தை அசைக்கும், இங்கே படலம் காற்றை அசைக்கும்.

இங்கிலாந்தில் ஹன்டிங்டன் என்ற ஊரில் பீட்டர் வாக்கர் என்பவர் 1957ல் குவாட் நிறுவனத்தின் பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதற்கு 4 வருடம் முன்பே அவர் செய்திருந்த ஆம்ப்ளிஃபயர் குவாட் 2. இரண்டு கே.டி. 66 வால்வுகள், 15 வாட். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒன்றுக்கொன்று தெரிந்து வளர்ந்தவை. அதனால்தான் அந்த ஜோடியை இன்றும் பேசுகிறார்கள். அந்த ஸ்பீக்கர் 1985 வரை தயாரிப்பில் இருந்தது. நம் நாட்டிலும் புனேயில் கேடென்ஸ் என்ற நிறுவனம் எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரையும் வால்வு ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்தே செய்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

பொருத்தத்தில் சிக்கல் எங்கே? எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் மின்தேக்கி போன்றது. மின்தேக்கியின் தடுப்பு, சுருதி ஏற ஏறக் குறையும். வாக்கரின் ஸ்பீக்கர் கீழ் சுருதியில் 30 ஓமுக்கு மேல் காட்டும், மிக உயர்ந்த சுருதியில் 2 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 8 ஓம், 16 ஓம் என்று ஒரே எண்ணை வைத்துப் போட்ட 625 கணக்கு இங்கே செல்லாது. அந்தக் கால டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் சில, இந்த மின்தேக்கிச் சுமையைக் கண்டு நிலைகுலைந்து தாமே ஊளையிட ஆரம்பித்தன. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வால்வு ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் சமாளித்துக்கொண்டது. சத்தத்தை மட்டும் அளவோடு வைக்க வேண்டும். ரொம்ப ஏற்றினால் படலத்துக்கும் தகட்டுக்கும் இடையே பொறி பறந்து ஸ்பீக்கர் கெட்டுப்போகும்.

ஆக, மாணவருக்கு என் பதில் இது. சேரும், மூன்று நிபந்தனையோடு. ஒன்று, அந்த ஸ்பீக்கருக்கு எத்தனை வோல்ட் வரை கொடுக்கலாம் என்று பார்த்து, அதை மீறாத ஆம்ப்ளிஃபயராக இருக்க வேண்டும். இரண்டு, மின்தேக்கிச் சுமையில் அது நிலையாக நிற்கிறதா என்று தெரிந்த மெக்கானிக்கிடம் சோதிக்க வேண்டும். மூன்று, சின்ன அறை, மிதமான சத்தம். இந்த ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற சிநேகிதர் மாதிரி. மேடையேற்றினால் வாய் வராது. நம் ஊருக்குக் கொண்டு வருவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: கடற்கரை ஈரமும் தூசியும் உயர் மின்னழுத்தத்துக்குப் பகை. ஈரத்தில் மின்னூட்டம் கசியும், மின்னூட்டம் உள்ள இடம் தூசியை இழுக்கும். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வால்வு செட்டோ இந்த ஸ்பீக்கரோ, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். தெரியாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

கடைசியாக, மனதில் உறுத்தும் ஒரு விஷயம்.

ஏழைக்கும் மெல்லிய குரலுக்கும் செவி கொடுக்க வந்த அதே குழாய், கொஞ்ச நாளில் மற்றவர் செவியைப் பறிக்கும் கருவியாகவும் ஆனது. நான் வேலை பார்த்த நாட்களில் ஒரு வருடம் பொதுத் தேர்வு நேரத்தில் பள்ளிக்கு எதிரே குழாய் கட்டி மூன்று நாள் பாட்டு போட்டார்கள். யார் என்ன விழா என்பதெல்லாம் இப்போது வேண்டாம். பிள்ளைகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தேர்வு எழுதினார்கள். போய்க் கேட்டதற்கு, "பத்து நிமிஷத்துல குறைக்கறோம் டீச்சர்" என்றார்கள். குறைக்கவில்லை.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். சட்டம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பார்த்த நாம், ஸ்பீக்கருக்கும் தெருவுக்கும் பொருத்தம் பார்க்கப் பழகவில்லை. குழந்தை தூங்கும் வீடு, படிக்கிற பிள்ளை, நெஞ்சுவலிக்காரர், எல்லாரும் அந்த லைனில் மாட்டப்பட்டவர்கள்தானே.

உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். மாநகராட்சி வானொலியை மெரீனா மணலில் கேட்ட தலைமுறை போய்விட்டது. அதற்கு அடுத்து, ஐம்பது அறுபதுகளில் திலகர் திடல் கூட்டங்களையும் தெரு மைக் செட்டையும் கேட்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டிய தாத்தா பாட்டிகளாக. சீரணி அரங்கமே 2003ல் போய்விட்டது, கட்டடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. முதன்முதலில் ஒலிபெருக்கியில் என்ன கேட்டீர்கள், எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், பெண்களும் வந்தார்களா, யார் குரல் நினைவிருக்கிறது என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். மைக் செட் கடை வைத்திருந்த குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால் பழைய ரசீது, போட்டோ எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள், தொகுத்து எல்லாருக்கும் பகிர்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருவல்லிக்கேணி